லோடுல ஓடணும்

அவன்கிட்ட கேட்டா பதில் வராது அண்ணாச்சி. ஜன்னல் ஷட்டரை எறக்கணுமா? நான் எறக்குதேன். ஏல, கைய எடு. ம். இப்ப வெயில் அடிக்கலேல்லா?

என் பையன்தான். பதினாறு நடக்கு. ஊமையான்னு கேக்கீங்க, எல்லாரும் அப்படித்தான் கேக்காங்க. ஊமையெல்லாம் இல்ல. காது நல்லாக் கேக்கும். தொண்டையும் நல்லாத்தான் இருக்கு. பாளையங்கோட்டையில டாக்டர் கொழாயை உள்ள விட்டுப் பாத்துட்டு ஒரு கோளாறும் இல்லைன்னுட்டாரு. பேச மாட்டான், அவ்வளவுதான். நாலு வருசமா ஒரு வார்த்தை கெடையாது. ஏதாச்சும் வேணும்னா எழுதிக் காட்டுவான், அதுவும் அவங்க அம்மைக்கு. எனக்கு எழுத மாட்டான். தலைய ஆட்டுவான்.

எல்லாம் ஒரு பன்னுல ஆரம்பிச்சது. நீங்க மதுரை வரைக்கும் போறீங்கல்லா? நாங்க விருதுநகர்ல எறங்கணும். இன்னும் சாத்தூரே வரல, சொல்லதுக்கு நேரம் கெடக்கு.

எம் பேரு அறிவுமணி. கோயில்பட்டியில மோட்டார் காயில் கட்டுத கடை. அப்பன் ஆத்தா வச்ச பேரு சுடலைமுத்து. இருபது வயசுல அந்தப் பேரைத் தூக்கி எறிஞ்சேன். சாமியே கெடையாதுன்னு தெரிஞ்ச பெறவு சுடலைமாடன் பேரை நான் எதுக்குச் சொமக்கணும்? நான் யாரு சொன்னாலும் நம்ப மாட்டேன் அண்ணாச்சி. சோதிச்சுப் பாத்துத்தான் நம்புவேன். என் தொழிலு அப்படி. காயில் கட்டி முடிச்சுக் கரண்டு குடுத்தா எந்த மோட்டாரும் ஓடும். ஜம்முன்னு ஓடும். கொண்டுவந்தவன் அதைப் பாத்துட்டு சந்தோசமாத் தூக்கிட்டுப் போகப் பாப்பான். நான் விட மாட்டேன். பம்புல மாட்டித் தண்ணிய இழுக்கச் சொல்லுவேன். அங்கதான் வண்டவாளம் தெரியும். சும்மா சுத்துறது ஓட்டம் கெடையாது. லோடுல ஓடணும். இதை மனசுல வச்சுக்கிடுங்க.

இவனுக்கு நான் வச்ச பேரு பகலவன். சூரியன். எவ்வளவு தெளிவான பேரு பாருங்க, ஒரு சாமியும் ஒட்டாது. ஆனா மூதிக்கு அஞ்சு வயசுல திக்க ஆரம்பிச்சிட்டு. எல்லா எழுத்தும் இல்ல, பானா வந்தாத்தான் மாட்டிக்கிடும். ஒதடு ரெண்டும் ஒட்டிக்கிடும், கழுத்து நரம்பு பொடைச்சிரும், கண்ணு மேல போயிரும். பேரைக் கேட்டா போச்சு. பயத்துல இப்படி ஆகலாம்னு ஒரு டாக்டரு சொன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க வீட்ல பேயி கெடையாது, சாமி கெடையாது, நரகம் கெடையாது. அவன் எதுக்குப் பயப்படப் போறான்?

என்னால ஆன மட்டும் சரிபண்ணிப் பாத்தேன். எங்கன திக்கினாலும் மொதல்ல இருந்து சொல்லச் சொல்லுவேன். காயில்ல ஒரு சுத்து எரிஞ்சாலும் முழுசா உருவிட்டுத்தான கட்டுதோம், அதே மாதிரி. ஒருநா சோத்துக்கு முன்னால உக்காந்து, 'பள்ளிக்கூடத்துல பரிச்சைப் பேப்பர் குடுத்தாங்க'ன்னு சொல்ல வந்தான். நாலு வார்த்தை. சோறு ஆறி அவலாப் போச்சு, அவன் இன்னும் 'ப்' தாண்டல. நானும் விடல. கையில அடிஸ்கேலு வச்சிருப்பேன். அடிக்கதுக்கு இல்ல, மேசையில தட்டுததுக்கு.

எங்க தெருக் கடைசில தகரக் கொட்டகை போட்டு ஒரு ஜெபவீடு. அதுக்குச் சற்குணம்னு ஒரு பாஸ்டர். வருசா வருசம் மே மாசம் பத்து நாளு வி.பி.எஸ். நடத்துவாரு. விடுமுறை வேதப் பள்ளி. பெரியவனைப் பிடிக்க மாட்டாங்க அண்ணாச்சி, பெரியவன் கேள்வி கேப்பான். பிள்ளைகளைத்தான் பிடிப்பாங்க. ஆட்டோவுல மைக்கைக் கட்டிக் கூப்பிடுவாங்க. பொம்மையாட்டம், குதிச்சு ஆடுத பாட்டு, பதினோரு மணிக்கு ஒரு பன்னு, ஒரு கிளாசு கலர்த்தண்ணி. பன்னு தின்னு முடிச்சதும் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவாங்க. அதுல எழுத்தே இருக்காது, கலரு மட்டுந்தான். கறுப்புத் தாளு உன் பாவம். இப்படியே செத்துப்போனா எங்க போவேன்னு கேப்பாங்க. ஏழு வயசுப் பிள்ளைகிட்ட கேக்குத கேள்வியா இது? பெறவு கண்ணை மூடு, ஏசுவை ஏத்துக்கிடுதவங்க கையத் தூக்குன்னுவாங்க. பன்னு தின்ன கை தூக்காம இருக்குமா?

இந்தப் பித்தலாட்டத்தைத் தெருத்தெருவாப் பேசினவன் நான். என் வீட்ல இருந்தே ஒருத்தன் போயிருக்கான். வீட்டுக்காரி செண்பகம் எனக்குத் தெரியாம அனுப்பிட்டா. பெறவு கேட்டா, 'லீவுல ஒத்தையில கெடக்கான், பேச்சைக் கேட்டுச் சிரிச்சுச் சிரிச்சு எந்தப் பிள்ளையும் சேத்துக்கிடல, அங்கயாச்சும் நாலு பேரோட இருக்கட்டும்னு நெனச்சேன்'னா.

எப்படித் தெரிஞ்சுதுன்னா, ஆறாவது நாளு மத்தியானம் சாப்பிட வாரேன். கொட்டகைக்குள்ள அம்பது பிள்ளைக சேந்து ஒரு வசனத்தைக் கத்துதுக. அதுல ஒரு கொரலு. நின்னுட்டேன். என் பையன் கொரலு அண்ணாச்சி. கணீர்னு வருது. பானா வருது. ஒண்ணு பின்னால ஒண்ணா வருது, ஒரு எடத்துலயும் மாட்டல. தகரத்துல காதை வச்சுக்கிட்டு நின்னேன். நல்ல வெயிலு, தகரம் சுட்டுது. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. காதை எடுக்கத் தோணல.

வீட்டுக்கு வந்து தண்ணி குடிச்சிட்டு யோசிச்சேன். யோசிச்சதும் தெளிஞ்சிட்டு. கூட்டத்தோட சேந்து சொன்னா திக்குவாய் திக்காது. பாட்டாப் பாடினாலும் திக்காது. எல்லா ஊர்லயும் உள்ளதுதான், நான் படிச்சிருக்கேன். இதுல கர்த்தருக்கு என்ன சோலி? சும்மா சுத்துத மோட்டாரு.

சாயந்தரம் இவன் என் முன்னால வந்து நிக்கான். 'நீங்க செத்தா எங்க போவீங்கப்பா?' இதைக் கேக்க அரை மணி நேரம். முகமெல்லாம் வேர்வை. இதைத்தான் சொல்லுதேன், பன்னைக் குடுத்து இதைத்தான் ஏத்தி அனுப்புதாங்க. 'மண்ணுக்குள்ள போவேன்ல. புழு திங்கும். உன்னையும் ஒருநா திங்கும், உங்க அம்மையையும் திங்கும்'னேன். பிள்ளைககிட்ட உண்மையத்தான சொல்லணும். ராத்திரி படுக்கையில மோண்டுட்டான். பாருங்க, எவ்வளவு பயத்தை ஏத்தி விட்டிருக்காங்கன்னு.

அன்னைக்கே இழுத்துப்போட்டு நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தலைன்னு கேக்கீங்க. மறுநா காலையில தெருவெல்லாம் அந்தச் சற்குணம் நோட்டீஸ் ஒட்டியிருக்கான். பத்தாம் நாளு பெற்றோர் கூட்டமாம், ஊமைச் சிறுவன் பேசுகிறான், வந்து காணுங்கள். என் பையனை ஊமைங்கான். அவன் பேரும் போட்டிருக்கு. சாமுவேலாம். நான் வச்ச பேரைத் திருடிட்டாங்க அண்ணாச்சி. அங்க கிறிஸ்டில்டான்னு ஒரு பிள்ளை, காலேசு படிக்கிற பிள்ளை, பாட்டுச் சொல்லிக்குடுக்கும். மொத நாளு பேரு கேட்டிருக்கு, இவனுக்கு வரல. 'உனக்கு எந்தப் பேரு சொல்ல லேசா இருக்கு, அதை வச்சுக்கிடுவோம்'னு கேட்டிருக்கு. இவன் ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாத்து சாமுன்னு எடுத்திருக்கான். அதுதான் சாக்குன்னு முழுசா மாத்திட்டாங்க. அப்பன் வச்ச பேரை மாத்த இவங்க யாரு?

அப்பத்தான் முடிவு பண்ணேன். நிறுத்த வேண்டாம். நடக்கட்டும். லோடு குடுத்துருவோம்.

பத்தாம் நாளு காலையில செண்பகம் துணி நனைக்கையில இவன் சட்டைப் பையில ஒரு அட்டை. ஜெபக் குறிப்பு அட்டைன்னு பேரு. பிள்ளைக தனக்கு என்ன வேணும்னு எழுதிப் பொட்டியில போடணும், அவங்க ஜெபம் பண்ணுவாங்க. ஒருத்தன் சைக்கிள் கேப்பான், ஒருத்தன் பாஸ் ஆகணும்னு கேப்பான். இவன் எழுதினது இந்தா இருக்கு பாருங்க. அழியாம இருக்க பிளாஸ்டிக்கு ஒட்டி வச்சிருக்கேன். 'அப்பா முன்னாடி என் பேரைச் சொல்லணும்.' அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல.

செண்பகம் அதைக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டா. நான் அழல. எனக்கு வேண்டியது கெடச்சிட்டு.

சாயந்தரம் அஞ்சு மணி. முந்நூறு பேரு இருக்கும். நான் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கிட்டு, வீடியோ எடுக்க நம்ம தோழர் குணாளனையும், இயக்கத்து ஆளுக நாலஞ்சு பேரையும் கூட்டிக்கிட்டுப் போய்க் கடைசி வரிசையில உக்காந்தேன். இவனை நடுவுல நிறுத்தி, சுத்தி இருவது பிள்ளைகளை நிறுத்தி, எல்லாரும் சேந்து வசனம் சொல்லுதாங்க. இவன் சொல்லுதான். சனங்க கண்ணைத் தொடைக்குது. சற்குணம் இவன் தலையில கைய வச்சுக்கிட்டு, 'பத்து நாளைக்கு முன்னே இவன் வாயடைக்கப்பட்டவன்'ங்காரு. நான் எந்திரிச்சு மேடைக்குப் போனேன். அந்த மனுசன் என்ன நெனச்சாரு தெரியுமா? நான் மனந்திரும்பிட்டேன்னு நெனச்சிட்டாரு. 'இதோ பெற்ற தகப்பனே சாட்சி சொல்ல முன்வந்திருக்கிறார், எல்லாரும் ஒரு அல்லேலூயா சொல்லுங்கள்'னு மைக்கை அவரு கையாலயே என்கிட்ட குடுத்தாரு. சனமும் சொல்லிச்சு. எனக்காக முந்நூறு பேரு அல்லேலூயா சொன்னாங்க அண்ணாச்சி.

இவன் என்னப் பாத்துச் சிரிச்சான். கறுப்புச் சட்டையோட நான் அங்க வருவேன்னு நெனைக்கல போல. பல்லு தெரியச் சிரிச்சான்.

நான் மத்தப் பிள்ளைகளைக் கீழ எறங்கச் சொன்னேன். 'தனியா நிக்கட்டும்.' அட்டையை எடுத்து மைக்குல வாசிச்சேன். 'இதுதான் என் பையன் உங்க சாமிகிட்ட கேட்டது. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருக்கான். நான் இந்தா முன்னால நிக்கேன். உங்க சாமியும் இங்கனதான் இருக்கும்ங்கீங்க. பாத்துருவோம்'னேன். மைக்கை இவன் வாய்கிட்ட வச்சேன். 'உன் பேரு என்னல?'

சிரிப்பு போச்சு. 'ச்ச்ச்...'ன்னு இழுத்தான். அந்தப் பேரைச் சொல்லப் பாக்கான். சொல்லியிருப்பான், அது வரும். நான் விடல. 'அது இல்ல. நான் வச்ச பேரு.'

அவ்வளவுதான். ஒதடு ஒட்டிக்கிட்டு. மைக்குல 'ப்... ப்...'ன்னு காத்து மட்டும் வருது. முன்வரிசையில ஒரு பிள்ளை சிரிச்சுது, பெறவு எல்லாம் சிரிச்சுது. பத்து நாளா இவனோட பன்னு தின்ன பிள்ளைக, ஒருத்தருக்கொருத்தர் ஜெபம் பண்ணின பிள்ளைக. அந்தக் கிறிஸ்டில்டா ஓடியாந்து இவன் பக்கத்துல நின்னு மெதுவா, 'ப... க...'ன்னு கூடச் சொல்ல ஆரம்பிச்சுது. 'யாரும் கூடச் சொல்லக் கூடாதும்மா, எறங்கு'ன்னேன். கூடச் சொன்னா அது சோதனையா? செண்பகம் கூட்டத்துல இருந்து கையெடுத்துக் கும்பிடுதா. எனக்குத் தெரிஞ்சுது. கும்பிட்டா நான் நிறுத்திருவனா, நானே கும்பிடுதது தப்புன்னு சொல்லுதவன்.

சற்குணம் என்ன பண்ணினாரு? அதைத்தான் நீங்க கவனிக்கணும். 'பிள்ளைக்கு விசுவாசம் போதவில்லை'ன்னாரு. மைக்கு இல்லாமச் சொன்னாரு, ஆனா வீடியோவுல விழுந்திருக்கு. பழிய இவன் மேல போட்டுட்டு அந்தாள் ஒதுங்கிட்டாரு. எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சு பாருங்க. பச்சப் பிள்ளை அங்க முந்நூறு பேரு முன்னால நிக்கான், அவன் மேல பழியப் போடுதாரே.

ஜெயிச்சாச்சு. அடுத்த வருசம் எங்க தெருவுல வி.பி.எஸ். நடக்கல. பக்கத்துத் தெருவுல நடந்துச்சு, கூட்டம் முன்னைவிடக் கூடத்தான். அது வேற விசயம். எங்க தெருவுல நடக்கல.

இவன் அன்னையில இருந்துதான் இப்படி. மொதல்ல ஒரு வாரம் மொகத்தைத் தூக்கி வச்சிருக்கான்னு நெனச்சேன். பெறவு ஒரு மாசம். பெறவு பழகிட்டு. பிடிவாதம், வேற என்ன. என் ரத்தம்தான. அந்தக் கிறிஸ்டில்டா ஒருநா வீட்டுக்கு வந்துது. செண்பகத்தைக் கட்டிப்பிடிச்சு அழுதுச்சு. என்கிட்ட, 'அண்ணே, நோட்டீஸ் ஒட்டினது தப்பு, நாங்க அவனை வேடிக்கைப் பொருளாக்கிட்டோம், மன்னிச்சிருங்க'ன்னுச்சு. நல்ல பிள்ளைதான், போய் விழுந்த எடம்தான் சரியில்ல. போகும்போது, 'தெனமும் பத்து நிமிசம் அவன்கூடச் சேந்து எதையாச்சும் சத்தமா வாசிங்கண்ணே. வசனம் வேண்டாம், பேப்பர் வாசிங்க, உங்க இயக்கப் புத்தகமே வாசிங்க. கூட ஒரு கொரல் இருந்தா அவனுக்கு வரும்'னுச்சு. நான் சொன்னேன், 'இதைத்தானம்மா நான் மேடையில நிரூபிச்சேன். கூடச் சொன்னா வரும், அது விஞ்ஞானம்.' அதுக்கு மேல அந்தப் பிள்ளை நிக்கல, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டு.

வாசிச்சனான்னு கேக்கீங்களா? எங்க அண்ணாச்சி, கடை இருக்கு, கூட்டம் இருக்கு. மாசத்துக்கு ரெண்டு கூட்டம் வருது இப்ப. அந்த வீடியோவ எங்கெல்லாமோ பாத்துட்டுக் கூப்பிடுதாங்க. இன்னைக்கு விருதுநகர்ல. மொதல்ல நான் பேசுவேன், வீடியோவத் திரையில போடுவேன், அட்டையைக் காட்டுவேன். கடைசியில இவனை மேடைக்குக் கூப்பிட்டுப் பேரு கேப்பேன். இவன் நிப்பான். அவ்வளவுதான், சும்மா நிப்பான். நூறு பக்கம் பேசினாலும் ஏறாதது அதுல ஏறிரும். பன்னுக்குப் பிள்ளைய அனுப்புனா என்ன ஆகும்னு பெத்தவங்க கண்ணால பாக்கணும்லா? செண்பகம், 'ஊரு ஊரா நிறுத்தி வைக்காதீங்க, அவனைக் கேட்டுக் கூட்டிட்டுப் போங்க'ங்கா. கேக்காமலா கூட்டிட்டு வாரேன்? ஒருநாளாச்சும் மாட்டேன்னு சொல்லியிருக்கானா?

வீடியோவுல நான் பொய் ஒண்ணும் சேக்கல. ரெண்டு எடத்துலதான் கைவச்சேன். ஒண்ணு, நடுவுல அவன் டவுசரு நனைஞ்சு போச்சு. அந்த எடத்தை மங்கலாக்கிட்டேன். வயசுக்கு வாரப் பையன், மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா.

இன்னொண்ணு கடைசியில. நாலு நிமிசம் பதினோரு செகண்டு ஆச்சு. போதும், நிரூபிச்சாச்சுன்னு மைக்கை எடுக்கப் போறேன். நம்ம ஆளுக நாலஞ்சு பேரு பின்னால நின்னு கைதட்டுதாங்க. அப்ப இவன் ஒண்ணு சொன்னான். அங்க எனக்குக் கேக்கல, கைதட்டுச் சத்தம். வீட்ல வந்து போட்டுப் பாக்கையிலதான் கேட்டுது. 'போதும்ப்பா'ன்னான்.

சுத்தமா இருக்கு அண்ணாச்சி. இழுக்கல, ஒட்டல. பானா. கூட ஒரு கொரலு இல்ல. முந்நூறு பேரு முன்னால, தனியா நின்னு, என் மொகத்தைப் பாத்து. லோடுல.

அதை வெட்டிட்டேன். பின்ன? அதோட காட்டினா, பாத்தியளா அற்புதம்னு சற்குணம் மறுநாளே நோட்டீஸ் ஒட்டியிருப்பான். நான் பட்டதெல்லாம் வீணாப் போயிருக்கும்.

அழிக்கல. வெட்டின துண்டு தனியா இந்த போன்ல இருக்கு. ரெண்டு செகண்டு. காலையில கடையத் தொறந்ததும் ஒருதரம் போட்டுக் கேப்பேன். சில நாளு ரெண்டு தரம். எதுக்குன்னா என்ன சொல்ல, சரிபாக்கத்தான். வேற எதுக்கு? இந்தாங்க, நீங்களும் கேளுங்க. காதோட சேத்து வச்சுக்கிடுங்க, வண்டிச் சத்தம். கேட்டுச்சா? இருங்க, சத்தத்தைக் கூட்டுதேன். இப்ப? சுத்தமா இருக்குல்லா? எங்கயாச்சும் திக்குதா, நீங்களே சொல்லுங்க.

ஏல, நீ ஏன் இங்க பாக்க? வெளிய பாரு.

இந்தா, விருதுநகரு வந்துட்டு. உங்ககிட்ட பேசினதுல நேரம் போனதே தெரியல. எந்திரில. பையை எடு. அட்டையை எங்கிட்ட குடு, நீ தொலைச்சிருவ. வாரேன் அண்ணாச்சி.

என்னல, ஒதடு அசையுது? எதுக்கு இப்ப ஒதட்ட அசைக்க? மூடு. இன்னைக்கு இருநூறு பேரு வாராங்க. பேசிக்கீசித் தொலைச்சிராத.